கிளிமீன் ஜாடியும் ஒரு தப்பான சீட்டும்

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், விலங்கியல் துறைக் கூடத்தில் நிகழ்த்திய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பவளப்பாறை மீன்கள் என்ன சாப்பிடுகின்றன என்று அரை மணி நேரம் பேசுங்கள், அதற்குமேல் வேண்டாம், அடுத்தது சாப்பாடு" என்றார். சாப்பாட்டுக்கு முந்தின பேச்சாளர் நிலைமை என்ன என்று இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் கொஞ்சம் சீக்கிரமே வந்து நம் துறை மியூசியத்துக்குள் போனேன். கீழ்த்தட்டில், உடும்புக்குப் பக்கத்தில், அந்த ஜாடி இன்னும் இருக்கிறது. ஒன்றரை ஜாண் மீன். பிடித்தபோது பச்சையும் நீலமுமாக மின்னியது, இப்போது வைக்கோல் நிறம். மீன் வெளுத்துவிட்டது, அதன்மேல் ஒட்டிய சீட்டு வெளுக்கவில்லை. இந்தியன் இங்க் அப்படி. கையெழுத்து என்னுடையது. "கிளிமீன். இடம்: குருசடைத் தீவு. ஆண்டு: 1975. உணவு: பவளம்." நாலாவது விஷயம் தப்பு. அது எப்படித் தப்பாயிற்று, அந்தத் தப்பால் நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1975இல் இறுதியாண்டு கல்விச் சுற்றுலா. விலங்கியல் படித்தவன் மண்டபம் போகாமல் பட்டம் வாங்க முடியாத காலம் அது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது, அதன்பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்கிருந்து படகில் குருசடை. முழங்கால் தண்ணீரில் பவளம். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆளுக்கு ஒரு சாக்குப் பையில் ஒடித்துப் போட்டுக்கொண்டு வந்தோம். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனது 1986இல். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது 2001இல். அப்போது கேட்பாரில்லை. மியூசியத்தின் மேல்தட்டில் பாதி எங்கள் பேட்ச் ஒடித்ததுதான்.

மீனை நாங்கள் பிடிக்கவில்லை. கூடு வைத்து மீன் பிடிக்கிறவர் ஒருவரிடம் மூன்று ரூபாய் கொடுத்து வாங்கினோம். கூட்டுக்குள் களவா, விளமீன், ஓராவோடு இதுவும் கிடந்தது. முகாமில் மேசைமேல் போட்டு அறுத்தேன். "இரைப்பையைக் காட்டு" என்றார் சார். தேடினேன், தேடினேன், கிடைக்கவில்லை. வேர்த்துவிட்டது. சார் சிரித்துக்கொண்டே, "இல்லாததை எப்படியப்பா காட்டுவே?" என்றார். கிளிமீனுக்கு இரைப்பையே கிடையாது! தொண்டையிலிருந்து நேரே குடல். குடல் முழுக்க வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் களி. ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. எனக்கு ஒரே பெருமை. பவளம் சுண்ணாம்பு, குடலில் சுண்ணாம்பு, ஆகவே உணவு பவளம். முடிந்தது. "அது சரி, அதோடு வேறென்ன இருக்குன்னு மைக்ராஸ்கோப்பில் பார்" என்றார் சார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. 1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் நின்றபோது, சார்லஸ் டார்வின் இதே குடும்பத்து மீன்கள் சிலவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். உள்ளே மஞ்சளோடிய சுண்ணாம்புச் சேறு. இவை பவளத்தை மட்டுமே தின்று வாழ்கின்றன என்று எழுதிவைத்தார். டார்வினுக்கு எப்படியோ, எனக்கு அது பெரிய சமாதானம்.

அந்தச் சுண்ணாம்பு எப்படி அவ்வளவு மாவாகிறது என்று பார்த்தால்தான் இந்த மீனின் அருமை தெரியும். முன்பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிளி மூக்கு மாதிரி ஆகிவிட்டன. அதனால் பாறையைச் சுரண்டும். சுரண்டியதைத் தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு ஜோடித் தாடை அரைக்கும். நம் வீட்டு ஆட்டுக்கல்லேதான், குழவியும் உண்டு, கல்லும் உண்டு. அரைத்து, சத்தை எடுத்துக்கொண்டு, மீதியை மணலாக வெளியே விடும். இந்தக் குலத்தில் பெரியது, நெற்றி புடைத்த கிளிமீன் ஒன்று உண்டு. அது ஓர் ஆண்டில் 5 டன்னுக்கு மேல் பாறையை அரைத்துத் தள்ளுகிறது என்று பெரும் தடுப்புப் பவளத்திட்டில் பெல்வுட் குழுவினர் 2003இல் கணக்கிட்டார்கள். தின்பதில் ஏறக்குறைய பாதி உயிர்ப் பவளம். ஆக, பவளம் தின்னும் கிளிமீன் இல்லாமலில்லை. ஆனால் அது வேறு ஆள், நம் ஜாடியில் இருப்பவர் அல்லர். மாலத்தீவில் வாக்காரு என்ற தீவைச் சுற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே வெளித்திட்டில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் போட்டது என்கிறது. விடுமுறைக்குப் போய் அந்த வெள்ளை மணலில் படுத்துப் புரண்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து, 1980களின் நடுவில் கடலோரத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கீழக்கரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மீனவர் கூட்டம். கூட்டுக்குக் கம்பி வாங்கக் கடன் கொடுப்பது பற்றி. கடைசியில் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். படித்த திமிரில், "கிளிமீன் பவளத்தைத் தின்று அழிக்கிறது. அதைப் பிடித்தால் உங்களுக்கும் காசு, பாருக்கும் நல்லது" என்று அடித்துவிட்டேன். கடலடித் திட்டைத்தான் அங்கே பார் என்பார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர். கூடு பின்னுகிறவர், விரலெல்லாம் தழும்பு. மெல்ல எழுந்தார்.

"தம்பி, கிளி பவளத்தைத் திங்குதுன்னு எப்படிக் கண்டீங்க?"

"அறுத்துப் பார்த்தேன், ஐயா. குடல் பூரா சுண்ணாம்பு."

"கோழியை அறுத்தா வயித்துக்குள்ள கல்லு கெடக்கு. கோழி கல்லைத் தின்னா உசிரு வாழுது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "கிளி மேயுற பாரு வெளுப்பா சுத்தமா இருக்கும். கிளி இல்லாத பாருல பாசி முடி மாதிரி மண்டிப் போயிரும். பாசி மண்டுன பாருல களவாவும் தங்காது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு எழுதிய அறிக்கையில், "இப்பகுதி மீனவரிடையே அறிவியல் விழிப்புணர்வு குறைவு" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். நூறு பேர் கேட்க ஒரு மீனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அது தப்பு என்று சொன்ன ஒரே ஆளை அறிவில்லாதவர் என்று எழுதினேன்.

அந்தச் சமயத்திலேயே உலகத்தின் மறுகோடியில் பெரியவர் சொன்னது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. ஜமைக்காவில் பல ஆண்டுகளாகக் கிளிமீன் உட்படப் பாசி மேயும் மீன்களையெல்லாம் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசியை அடக்கிவைத்திருந்தது ஒரு கறுப்பு முள்ளெலி மட்டும். அதாவது கடல் முள்ளெலி, காலில் குத்தினால் ஒரு வாரம் நடக்க முடியாது. 1983இல் ஏதோ ஒரு நோய் வந்து கரீபியன் கடல் முழுக்க அது கூண்டோடு செத்தது. மேய ஆளில்லை. 1980இல் அடித்த புயலில் ஏற்கெனவே அடிவாங்கியிருந்த திட்டுகள் வேறு. 1977இல் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1993இல் 3 சதவீதம். பாசி 4 சதவீதத்திலிருந்து 92. ஹியூஸ் என்பவர் 1994இல் இந்தக் கணக்கை வெளியிட்டார். நான் அதைப் படித்தது 1998இல், ஒரு கருத்தரங்கில், தேநீர் இடைவேளையில். டீ ஆறிப்போயிற்று. கோழிக்கதைதான் ஞாபகம் வந்தது.

மாணவர்கள் கேட்கலாம், அப்படியானால் குடலைத் திறந்து பார்ப்பது வீண் வேலையா என்று. இல்லவே இல்லை. ஜான் ரான்டல் என்று ஒரு பெரிய மனிதர், 2020இல் 95 வயதில் காலமானார். கரீபியன் பகுதியில் 212 இனங்களைச் சேர்ந்த 5,526 மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்து 1967இல் வெளியிட்டார். இன்றைக்கும் அதை எடுக்காமல் இந்தத் துறையில் யாரும் எழுதுவதில்லை. கிளிமீன் பாறையிலிருந்து பாசியைச் சுரண்டித் தின்பது, சுண்ணாம்பு கூடவே வருவது, எல்லாம் அதில் இருந்தது. நான் சீட்டு ஒட்டுவதற்கு எட்டு ஆண்டு முன்னாலேயே! அந்த இதழ் நம் நூலகத்துக்கு வந்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் குடல் பாதிக் கதைதான் சொல்லும். நண்டு ஓடும் சிப்பித் துண்டும் நாள்கணக்கில் கிடக்கும், பஞ்சு மாதிரியான உயிர்கள் அரைமணியில் கரைந்துவிடும். எது கரையாமல் நிற்கிறதோ அதுதான் நம் கணக்கில் ஏறும். கூட்டில் விழுந்த மீன் ராத்திரி பூரா பட்டினி, அல்லது உள்ளேயே பக்கத்து மீனைக் கடித்திருக்கும். என் மீன் கூட்டு மீன். எந்த நேரத்தில் பிடித்தது என்பதும் முக்கியம், ஏனென்றால் பாரில் ஷிப்ட் முறை உண்டு. பொழுது சாயும்போது கிளிமீனும் வண்ணாத்தி மீனும் இடுக்கில் போய் ஒடுங்கும், கால் மணி நேரம் போல ஒரு சந்தடி அடங்கிய நேரம், பிறகு பெரிய கண் வைத்த சிவப்பு மீன்கள் வேலைக்குக் கிளம்பும். பகலில் பிடித்த இரவு மீன் வெறும் வயிறாகத்தான் இருக்கும். தூத்துக்குடி மில்லில் வேலை பார்த்த நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

அப்புறம், வயிற்றில் கண்டதெல்லாம் விரும்பித் தின்றதென்று சொல்ல முடியாது. சுத்தக்கார மீன் என்று விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட ஒன்று உண்டு. பெரிய மீன்கள் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும், இது சலூன்காரர் மாதிரி உடம்பெல்லாம் மேய்ந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். கிரட்டர் என்ற அம்மையார் லிசர்ட் தீவில் கணக்கெடுத்தார், ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணி. எவ்வளவு நல்ல பிள்ளை! பிறகு அவரே பிஷாரி என்பவரோடு சேர்ந்து 2003இல் இரண்டையும் முன்னால் வைத்துப் பார்த்தால், அது விரும்புவது வாடிக்கையாளர் உடம்பின் வழவழப்பை. ஒட்டுண்ணி தின்பது கடையை நடத்துவதற்காக.

இன்னும் சில சங்கதிகளைக் குடலில் தேடவே முடியாது. ஒகினாவாவில் ஒரு சிறு மீன், பாறையில் தனக்கென்று தோட்டம் போடுகிறது. வேண்டாத பாசியைப் பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பும், உள்ளே வருகிறவனைத் தன்னைப்போல் பத்து மடங்கு பெரியவனானாலும் கடிக்கும். அதன் தோட்டத்தில் ஒரே வகைச் சிவப்புப் பாசி. களை எடுப்பதை நேரில் பார்க்காமல், குடலில் சிவப்புப் பாசி என்று மட்டும் எழுதினால் என்ன தெரியும்? இன்னொன்று, சாப்பாட்டு நேரம் நெருங்குவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பலாவ் தீவில் ராபர்ட்சன் 1982இல் எழுதியது, மேலே மிதவை உயிர்களைத் தின்னும் மீன்களின் கழிவை, கீழே வேறு மீன்கள் காத்திருந்து பிடித்துத் தின்கின்றன. தெளிந்த கடலில் இத்தனை மீனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது ஒரு பதில். பவளத்துக்கும் அதில் பங்கு உண்டு. ராத்திரி கடற்புல் வெளியில் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளத்தடியில் வந்து அடையும் மீன் கூட்டங்களின் கழிவால், அந்தப் பவளம் பக்கத்துப் பவளத்தைவிட வேகமாக வளர்ந்ததைச் செயின்ட் குரோய் தீவில் கண்டு 1983இல் வெளியிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. பெல்வுட்டும் ஹியூஸும் ஹோயியும் சொன்னது. ஆஸ்திரேலியாவில் ஆர்ஃபியஸ் தீவில், பாருக்குமேல் பெரிய பெரிய கூண்டு போட்டு மூன்று ஆண்டு மீன்களை உள்ளே விடவில்லை. ஆள் உயரத்துக்குப் பாசி, நம்மூர்க் கட்டக்கோரையின் இனம். பிறகு கூண்டை எடுத்துவிட்டு, யார் வந்து தின்கிறார்கள் என்று வீடியோ வைத்தார்கள். கிளிமீன் வரும், ஓரா வரும் என்று எதிர்பார்ப்பு. வந்தன, வேடிக்கை பார்த்தன, பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. யாரும் கணக்கில் எடுக்காத ஒரு மீன் வந்து சில வாரங்களில் காட்டை மொட்டையடித்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு வௌவால் மீன் என்று பெயர், நம் சந்தையில் விற்கும் வாவல் அல்ல. புத்தகமெல்லாம் அதைப் பூச்சி புழு தின்னும் மீன் என்றுதான் எழுதியிருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்து எழுதியதுதான். கட்டக்கோரை இல்லாத இடத்தில் பிடித்த மீன், கட்டக்கோரை தின்னும் என்று வயிறு எப்படிச் சொல்லும்?

2003இல் அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். பெரியவர் காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. மகன் இருந்தார். நான் யாரென்று சொன்னதும், "கோழிக் கல்லு சாரா?" என்று கேட்டார். பதினைந்து இருபது வருஷமாக அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வந்ததைச் சொன்னேன். "அத விடுங்க சார், கடலைப் பாத்துருக்கீங்களா?" என்றார். மறுநாள் பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு பாருக்கு வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடியைக் கொடுத்து இறக்கிவிட்டார். குடலைத் திறந்து 28 ஆண்டுகள் கழித்து, கிளிமீன் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முதலில் சத்தம்தான் கேட்கிறது, யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி கறக் கறக் என்று. ஒரு மீனின் பின்னாலேயே போய்க் கடியை எண்ணினேன். செத்த பவளத்தின்மேல் படிந்த மெல்லிய பாசிப் படலத்தில்தான் அத்தனை கடியும். உயிர்ப் பவளத்தில் வைத்த வாய் விரல் விட்டு எண்ணக்கூடியது. கடித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. இளம் பவளம் வந்து ஒட்டுவதற்குச் சுத்தமான இடம்.

அதற்குப் பிறகும் கதை மாறியிருக்கிறது. 2017இல் கிளெமென்ட்ஸ் முதலானோர் எழுதினார்கள், கிளிமீன் தேடுவது பாசியைக்கூட அல்ல, பாசியோடும் பாறைக்கு உள்ளேயும் வாழும் நுண்ணுயிர்களை, முக்கியமாக நீலப்பச்சை வகையை என்று. புரதம் அதில்தான். கல்லை உடைப்பது கல்லுக்குள் இருக்கிறவனைப் பிடிக்க. சார் அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் பார் என்று சொன்னது இதற்குத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்த்திருந்தால் பச்சையாக எதையாவது கண்டிருப்பேன்.

கிளிமீனைக் காப்பாற்றினால் பவளம் பிழைத்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிக்கத் தடை போட்டது, நல்ல காரியம். ஆனால் 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, எந்த மீனும் தண்ணீரைக் குளிரவைக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தோம், 21 தீவில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முழுகிவிட்டன. என் ஜாடி மீன் வந்த குருசடையில், வளர்ப்புக்கென்று கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி உயிர்ப் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008இல் பதிவு செய்தார்கள். மீன் செய்யக்கூடியது, செத்த பவளத்தின்மேல் பாசி குடியேறாமல் இடத்தைப் பிடித்துவைப்பது. பவளம் திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்கும். கூட்டில் களவாவும் கிளியும் சேர்ந்தேதான் விழும். கம்பிக் கண் எவ்வளவு அகலம், எந்த மீனைத் திரும்ப விடுவது என்றெல்லாம் இனிமேல் பேசுகிறவர்கள், கூடு பின்னுகிறவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பேசட்டும். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

துறைத்தலைவர் அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். புதுச் சீட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அதே இந்தியன் இங்க். கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, மன்னிக்கவும். "கிளிமீன். இடம்: குருசடைத் தீவு. ஆண்டு: 1975. பிடித்த விதம்: கூடு. குடலில் கண்டது: சுண்ணாம்புத் தூள். உணவு: பாறையின் மேலும் உள்ளும் வாழும் நுண்பாசி, நுண்ணுயிர்." பழைய சீட்டைக் கிழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அது ஜாடியின் பின்பக்கம் இருக்கட்டும். மாணவர்கள் யாராவது மூடியைத் திறக்க மனம் வைத்தால், அந்தக் குடலில் இன்னும் ஒரு பாதி வெட்டாமல் இருக்கிறது. ஐம்பது வருஷம் பார்மலினில் கிடந்தாலும் மைக்ராஸ்கோப்புக்கு ஏதாவது அகப்படும். சார் இங்கேதான் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே பாருங்கள்.

மணி அடித்துவிட்டது. இன்றைக்கு மீன் குழம்பு என்று செயலாளர் சொன்னார், என்ன மீன் என்று சொல்லவில்லை.